மாதுமைக்கு ஒரு நல்ல சொல்

ஆறுதலா, தங்கச்சி, ஆறுதலா. கிளச்சை ஒரேயடியா விட்டால் கார் கோவிச்சுக்கொண்டு நிண்டிடும். மெல்ல விடுங்கோ. ஆ, அப்பிடித்தான். இனி நேர போங்கோ. ரெயினேர்ஸ் லேன் ஸ்டேசன் மட்டும் ஒரு திருப்பமும் இல்லை.

ஏறேக்கை கேட்டனீங்களெல்லோ, உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அண்ணை எண்டு. ஒராள்தான். மகள். மாதுமை எண்டு பேர். கோணேசர் கோயில் அம்மன்ர பேர். நாங்கள் திருகோணமலை ஆக்கள், கார்க் கூரையிலை கோணேஸ்வரா டிரைவிங் ஸ்கூல் எண்டு போட்டிருக்கிறதைப் பாத்திருப்பீங்கள். மகள் பாங்கிலை இருக்கிறாள். கனேரி வோர்ஃப் எண்டு கிழக்கு லண்டனிலை கண்ணாடிக் கட்டிடங்களா நிக்குமே, அங்கை. பெரிய பாங்க். பேர் சொல்லமாட்டன். என்னட்டைக் கார் பழகுற ஆக்களுக்குப் பாங்கின்ர பேரைச் சொல்லக்கூடாது எண்டு மகளின்ர கட்டளை. ஏனெண்டு கேட்டால் அது பெரிய கதை. ரோட்டைப் பாத்துக்கொண்டே கேளுங்கோ. என்ர முகத்தைப் பாக்கத் தேவையில்லை, அதிலை ஒரு சிக்னலும் விழாது.

ஏ லெவல் சோதனையிலை மாதுமை நல்ல கெட்டிக்காரி. ரிசல்ட் வர முதலே நான் கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், மகள் பெரிய யூனிவர்சிற்றிக்குப் போகப்போறாள் எண்டு. எந்த யூனிவர்சிற்றி எண்டு நான் பேர் சொல்லேல்லை. ஆனால் கேக்கிற ஆக்கள் தாங்களே ஒரு பேரை நினைச்சுக்கொள்ளுற மாதிரிச் சொன்னன். குகதாசன் எண்டு ஒருத்தர், எங்கட தெருவிலைதான், அவரின்ர மகன் அப்பிடி ஒரு இடத்திலைதான் படிக்கிறான். போனிலை எடுத்து எடுத்துப் படம் காட்டுவார். பெடியன் சாப்பிடுற மண்டபம், பெடியன் நடக்கிற புல்லு. புல்லைப் போய் ஆரும் படம் எடுப்பினமோ.

ரிசல்ட் வந்த அண்டைக்கு மகள் என்னையும் மனிசியையும் மேசையிலை இருத்திச் சொல்லுறாள், தான் யூனிவர்சிற்றிக்குப் போகேல்லை, பாங்கிலை அப்ரண்டிஸாச் சேரப்போறன் எண்டு. எனக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டு, நேர்முகம் எல்லாம் போய், இடமும் எடுத்திட்டாள்.

அப்ரண்டிஸ். உங்களுக்குத் தெரியுமெல்லோ, எங்கட பக்கத்திலை அப்ரண்டிஸ் எண்டால் ஆர் எண்டு. கராஜிலை லொறிக்குக் கீழை முதுகு தேயப் படுத்துக் கிடந்து, பாஸ் கேக்கேக்கை ஸ்பானரை நீட்டுறவன். என்ர பிள்ளை மூண்டு பாடத்திலும் ஏ எடுத்துப்போட்டு ஸ்பானர் நீட்டப் போறாள்.

அவள் பொறுமையா விளங்கப்படுத்தினாள். நாலு வருசம். கிழமையிலை நாலு நாள் பாங்கிலை வேலை, ஒரு நாள் படிப்பு. படிப்பிக்கிறது ஒரு யூனிவர்சிற்றிதான். கடைசியிலை மற்றப் பிள்ளையளுக்குக் குடுக்கிற அதே பட்டம். படிப்புச் செலவு பாங்க் பாக்கும், சம்பளமும் வரும். எல்லாம் கேட்டன். கேட்டுப்போட்டு, அப்ப பட்டத்திலை அப்ரண்டிஸ் எண்டு எழுதியிருக்குமோ எண்டு கேட்டன். இல்லையப்பா எண்டாள். அது கொஞ்சம் ஆறுதலா இருந்தது.

நான் தடுக்கேல்லை, தங்கச்சி. நான் ஒருநாளும் பிள்ளையை ஒண்டுக்கும் தடுத்ததில்லை. கொஞ்ச நாள் சாப்பிடேல்லை, அவ்வளவுதான். அதுவும் வீட்டிலை மட்டும். அப்ப மனிசி ஒரு கேள்வி கேட்டா. நீங்கள் கார் பழக்குறது வகுப்பிலை இருத்தியோ ரோட்டிலை விட்டோ எண்டு.  காரும் பாங்கும் ஒண்டோ.

கண்ணாடியைப் பாருங்கோ. பின்னாலை பஸ் வாறான், வரட்டும், நீங்கள் பயப்பிடாதேங்கோ. அவன்தான் உங்களைப் பாத்துப் பயப்பிடவேணும்.

முதல் வருசம் நல்லாப் போச்சு. ஏதோ கணக்குப் பாக்கிற பகுதி. வெள்ளிக்கிழமை படிப்பு நாள், குசினி மேசையிலை கம்பியூட்டரை விரிச்சு வைச்சுக்கொண்டு இருப்பாள், நாங்கள் கேத்தில் கொதிக்க வைக்கவும் அனுமதி கேக்கவேணும். ஊருக்கு நான் சொன்னது, யூனிவர்சிற்றியிலை பாங்கிங் படிக்கிறாள் எண்டு. பொய்யோ? இல்லை. குகதாசன் ஒருநாள் காலமை ஸ்டேசனிலை அவளைக் கோட்டும் சூட்டுமாக் கண்டுபோட்டு வந்து, என்ன மகள் வேலைக்குப் போறாவோ எண்டு கேட்டார். பிராக்டிகல் எண்டன். அதுகும் பொய்யில்லை.

இரண்டாம் வருசம்தான் வில்லங்கம். அங்கை ஒரே பகுதியிலை வைச்சிருக்கமாட்டினம், ஆறேழு மாசத்துக்கு ஒருக்கால் மாத்துவினம், எல்லாம் பழகவேணும் எண்டு. அவளைக் கொண்டுபோய் முறைப்பாட்டுப் பகுதியிலை போட்டிச்சினம். போனிலை. கார்ட் வேலை செய்யேல்லை எண்டு எடுக்கிறவன், கணக்கைப் பூட்டிப்போட்டாங்கள் எண்டு எடுக்கிறவன், செத்துப்போன மனுசனுக்கு இன்னும் பாங்கிலையிருந்து தபால் வருகுது எண்டு எடுக்கிற மனிசி. எல்லாருக்கும் கோவம். எடுத்தவுடனை ஏச்சு. என்ர பிள்ளை மன்னிக்கவேணும், மன்னிக்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கவேணும். ஆர் செய்த பிழைக்கு? அவள் பிறக்க முதல் கட்டின பாங்கு.

அதோடை பேரையும் மாத்திப்போட்டினம். மாதுமை எண்டால் போனிலை ஆக்களுக்கு விளங்காதாம், சுருக்கமா மேடி எண்டு சொல்லட்டாம். அம்மன்ர பேரை வைச்ச பிள்ளை, மொட்டை மாடி மாதிரி ஒரு பேரிலை நிக்குது. நான் கேட்டன், நீ ஏன் ஓம் எண்டனி எண்டு. அவள் சொன்னாள், அப்பா, அவை ஏசுறது மேடியைத்தான், மாதுமையை இல்லை. எனக்கு அது பிடிக்கேல்லை. ஏச்சு எண்டாலும் சொந்தப் பேரிலை வாங்கவேணும்.

பின்னேரம் பின்னேரம் நான்தான் ஸ்டேசனிலை போய் ஏத்துவன். முந்தி ஏறினால் வாய் ஓயாது. முறைப்பாட்டுப் பகுதிக்குப் போனாப் பிறகு சத்தமில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியாலை பாத்தபடி வருவாள். நான் கேப்பன், இண்டைக்கு என்ன நடந்தது எண்டு. ஒண்டும் இல்லை எண்டுவாள். பத்து மாசம் வயித்திலை சுமந்தது மனிசிதான் எண்டாலும், பள்ளிக்கூடத்துக்குப் பதினாலு வருசம் இந்தக் காரிலை சுமந்தது நான். ஒண்டும் இல்லை எண்டதுக்கு என்ன கருத்து எண்டு எனக்குத் தெரியாதோ.

ஒருநாள் மழை. கார் இன்னும் எடுக்கேல்லை, ஸ்டேசன் வாசலிலையே நிக்கிறம். அவள் சொன்னாள்:

"அப்பா, காலமையிலையிருந்து ஏச்சு. இந்த மாசம் முழுக்க ஏச்சு. ஒரு மனுசர், ஒரே ஒரு மனுசர் எனக்கு ஒரு நல்ல சொல் சொல்லேல்லை. நான் விடப்போறன்."

வேலையை விட்டால் படிப்பும் போகும். அந்தத் திட்டம் அப்பிடி. பாங்கிலை இருந்தால்தான் யூனிவர்சிற்றி, பாங்க் இல்லையெண்டால் பட்டமும் இல்லை. இரண்டு வருசம் வீணாப் போய், வெறுங்கையோடை வீட்டிலை வந்து நிப்பாள். நீங்கள் நினைப்பீங்கள், இவருக்கு இது சந்தோசமா இருந்திருக்கும் எண்டு. இல்லை, தங்கச்சி. இரண்டு வருசமா ஊர் முழுக்கப் புழுகிப்போட்டன், அது ஒண்டு. மற்றது, அவளின்ர முகம். அதை விடுங்கோ.

இதிலை வலப்பக்கம் சிக்னல் போடுங்கோ. அது வைப்பர். பரவாயில்லை, கண்ணாடி துப்பரவாகட்டும்.

நான் இரவு யோசிச்சன். பிள்ளைக்கு என்ன தேவை? ஒரு நல்ல சொல். ஆர் சொல்லவேணும்? ஆரும் சொல்லலாம். என்னட்டைக் கிழமைக்கு எத்தினை பேர் இந்தச் சீட்டிலை வந்து இருக்கினம். நான் எத்தினை பேருக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்திருக்கிறன். ஒரு போன் எடுக்கமாட்டினமோ.

அடுத்தநாள் முதல் பாடம் நேசராசாவுக்கு. மீன்கடையிலை வேலை செய்யிற பெடியன், சொன்னதைத் தட்டமாட்டான். சிவப்பு லைட்டிலை நிக்கேக்கை சொல்லிக் குடுத்தன். பாங்குக்குப் போன் எடு, போன கிழமை மாதுமை எண்ட பிள்ளை எனக்கு உதவி செய்தவ, மிகவும் பொறுமையான பிள்ளை, அவவுக்கு நன்றி சொல்லிவிடுங்கோ எண்டு சொல்லு, பேரின்ர எழுத்தை வடிவா ஒவ்வொண்டாச் சொல்லு. அவன் கேட்டான், அண்ணை, எனக்கு அந்தப் பாங்கிலை கணக்கில்லையே எண்டு. நன்றி சொல்லக் கணக்கு என்னத்துக்கு எண்டன். அவன் எடுத்தான். அங்கை நல்லா மரியாதையாக் குறிச்சு எடுத்தினமாம்.

பிறகு கோயிலுக்குப் புதுசா வந்த குருக்கள். அவரும் என்னட்டைத்தான் பழகினவர். அவர் போனிலை நன்றியோடை நிக்காமல், அந்தப் பிள்ளைக்குச் சகல மங்களமும் உண்டாகட்டும் எண்டு ஆசீர்வாதமும் பண்ணிப்போட்டார். பிறகு பூமணி அக்கா. அவ எத்தினை தரம் டெஸ்ட் எடுத்துத் தவறினவ எண்டு நான் சொல்லப்படாது, அவ கோவிப்பா. பிறகு இன்னும் கொஞ்சப் பேர். நான் ஒருத்தரையும் வற்புறுத்தேல்லை. பாடம் முடிஞ்சு, கார் நிப்பாட்டினாப் பிறகு, கதவுப் பூட்டைத் திறக்க முதல் ஆறுதலாக் கேட்டன். எல்லாரும் ஓம் எண்டிச்சினம்.

ஏன் பொறுமையான பிள்ளை எண்டு சொல்லச் சொன்னன் தெரியுமோ? என்ர தொழிலிலை அதுக்கு மேலை ஒரு புகழ்ச்சி இல்லை.

இரண்டு மூண்டு கிழமையிலை பிள்ளை மாறிப்போனாள். ஒருநாள் காரிலை ஏறினவுடனை சொல்லுறாள், அப்பா, ஒராள் என்னைத் தேடிப் போன் எடுத்து நன்றி சொன்னவராம் எண்டு. நான், அப்பிடியோ எண்டு ரோட்டைப் பாத்தன். அடுத்த கிழமை இன்னுமொராள். ஒராள் மங்களம் சொன்னவராம் எண்டு சொல்லிச் சிரிச்சாள், அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கனகாலம். விடப்போறன் எண்ட கதை நிண்டிட்டுது. போன் எடுக்கிற ஆக்களைப் பற்றி வந்து சொல்லத் தொடங்கினாள். கோவமா எடுக்கிற ஆக்கள் உண்மையிலை பயந்துபோய்த்தான் எடுக்கினம் அப்பா, முதல் இரண்டு நிமிசம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தால் குரல் தணிஞ்சிடும் எண்டாள். நான் சொன்னன், அதுதான் நல்ல சொல்லின்ர பலன் எண்டு. அவள் ஏன் அப்பிடிச் சொல்லுறீங்கள் எண்டு கேட்டாள். சும்மா எண்டன்.

பிறகு அவளுக்கு அந்தப் பகுதியிலை ஒரு பரிசு குடுத்திச்சினம். படம் எடுத்துச் சுவரிலை மாட்டினவையாம். நான் குகதாசனுக்குச் சொன்னன். புல்லு இல்லை, ஆனால் சுவர் இருக்கு எண்டு.

இதிலைதான் ஒரு சின்னச் சிக்கல், அது எனக்குத் தெரியாது. அவையின்ர படிப்பிலை, சோதனை மட்டும் இல்லை. வேலையிலை நான் இதைச் செய்தன், இந்த ஆக்களுக்கு இப்பிடி உதவினன் எண்டு அத்தாட்சியோடை ஒரு தொகுப்புச் செய்து யூனிவர்சிற்றிக்குக் குடுக்கவேணும். அதுக்குப் புள்ளி இருக்கு. பிள்ளை இந்த நன்றிகளையெல்லாம் அதிலை போட்டிட்டாள். போடாமல் என்ன செய்வாள். அவளுக்கு அது உண்மைதானே.

பிரேக். மெல்ல. கிழவி கடக்கட்டும். நல்லது.

கெடுத்தது பூமணி அக்கா. பாங்கிலை லொரெய்ன் எண்டு மகளின்ர மனேச்சர். அவவுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகமாம். மகள் போனிலை மேடி எண்டுதான் சொல்லுறவள், பிறகு எப்பிடி இத்தினை பேர் மாதுமை எண்ட பேரை ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் சொல்லுகினம் எண்டு. நான் படிப்பிச்ச ஆக்கள், எழுத்துப் பிழை விடுவினமோ. லொரெய்ன் ஒராளைக் கொண்டு பூமணி அக்காவுக்குப் போன் எடுத்து, நீங்கள் சொன்ன நன்றியை எங்கட பத்திரிகையிலை போடலாமோ, அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன உதவி செய்தவ எண்டு கேட்டிருக்கிறா. பூமணி அக்காவுக்கு நான் சொல்லிக் குடுத்தது அவ்வளவும் மறந்துபோச்சு. பதட்டத்திலை வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டா. ரிவர்ஸ் பார்க்கிங் பழக்கினவ எண்டு.

அண்டைக்குப் பின்னேரம் மகள் ஸ்டேசனிலை வந்து பின் சீட்டிலை ஏறினாள். டாக்ஸியிலை ஏறுற மாதிரி.

"அப்பா, பூமணி எண்டு ஆரையும் உங்களுக்குத் தெரியுமோ?"

எந்தப் பூமணி எண்டு கேட்டன். பிழையான மறுமொழி. கனக்கப் பூமணி தெரிஞ்ச ஆள்தான் அப்பிடிக் கேப்பான்.

அவள் சத்தம் போடேல்லை. நேர சொன்னாள். தானே ஆக்களைப் பிடிச்சுத் தனக்கு நன்றி சொல்லுவிச்சதா அவை நினைக்கினமாம். அவளைப் போன் வேலையிலையிருந்து எடுத்துப்போட்டினம். நாளைக்கு மத்தியானம் விசாரணை. ஏமாத்தினது எண்டு முடிவானால் பாங்க் போகும், அந்தத் தொகுப்பிலை பொய் எழுதினது எண்டு யூனிவர்சிற்றியும் வெளியிலை விடும். பிறகு வேறை ஒரு பாங்கும் எடுக்காது. எல்லாத்தையும் சொல்லிப்போட்டு, வீட்டடியிலை இறங்கேக்கை ஒரே ஒண்டு கேட்டாள்.

"அப்ப எனக்கு உண்மையிலை ஒருத்தரும் நன்றி சொல்லேல்லையோ?"

நான் நாளைக்கு வந்து கதைக்கிறன் எண்டு சொன்னன். வேண்டாம் எண்டாள். பிள்ளையள் வேண்டாம் எண்டு சொல்லேக்கை பாதி வேணும் எண்டுதான் கருத்து.

அடுத்தநாள் காலமை எனக்குப் பூமணி அக்காவோடை பாடம். பாடத்தை நிப்பாட்டினால் காசு திருப்பிக் குடுக்கவேணும். அதோடை, கெடுத்தவவே வந்து சாட்சி சொல்லட்டும். அக்கா, இண்டைக்கு எங்கட ஹரோவுக்குள்ளை சுத்தவேண்டாம், நேர கனேரி வோர்ஃப் போறம் எண்டன். அவவுக்கு வேர்த்துப்போச்சு. வெம்ப்லி தாண்டி, மேர்லிபோன் ரோட்டாலை, லண்டன் நடுவாலை, கூரையிலை கோணேஸ்வராவோடை போறம். நீங்கள் நம்பமாட்டீங்கள், தங்கச்சி, அண்டைக்கு அவ ஒரு பிழை விடேல்லை. குற்ற உணர்ச்சி இருந்தால் ஆக்கள் நல்லாக் கார் ஓடுவினம் போலை. என்னை விட்டால் சோதிக்கிற ஆளை அங்கை கூட்டிவந்து டெஸ்ட் எடுப்பிச்சிருப்பன்.

வாசலிலை காவல். என்ன விசயமா எண்டு கேட்டினம். முறைப்பாடு எண்டன். அந்தச் சொல்லுக்கு அங்கை நல்ல மரியாதை. லொரெய்னே கீழை இறங்கி வந்தா. எங்கட வயசு, வெள்ளைக்காரி, கண்ணாடி போட்ட, களைச்ச முகம். நான் ஆர் எண்டு சொன்னவுடனை ஒரு நிமிசம் யோசிச்சுப்போட்டு மேலை கூட்டிக்கொண்டு போனா. பூமணி அக்காவை வெளியிலை ஒரு மெத்தைக் கதிரையிலை இருத்தித் தேத்தண்ணி குடுத்திச்சினம். உள்ளை மகளும், எச்.ஆர் எண்டு வேலைசெய்யிற ஆக்களின்ர விசயம் பாக்கிற ஒரு பெடியனும். மகள் என்னைக் கண்டு எழும்பேல்லை. கையை மேசையிலை வைச்சு அதையே பாத்துக்கொண்டிருந்தாள்.

நான் அவைக்கு எல்லாம் விளங்கப்படுத்தினன். இவளுக்கு ஒண்டும் தெரியாது, ஒழுங்கு செய்தது முழுக்க நான் எண்டு. எப்பிடிச் செய்தனான், சிவப்பு லைட்டிலை எப்பிடிப் பாடமாக்குவிச்சனான், ஒரு நாளைக்கு ஒராளுக்கு மேலை விடாமல் எப்பிடிப் பாத்துக்கொண்டனான் எண்டு. நிர்வாகம் எண்டால் என்னெண்டு அவையும் கொஞ்சம் கேட்டு வைச்சிருக்கட்டும். பிறகு அவைக்கு ஒரு கேள்வியும் கேட்டன். உங்கட ஆக்களை ஏசுறதுக்கு இரவு பகலா ஒரு நம்பர் வைச்சிருக்கிறீங்கள். நல்ல சொல் சொல்ல ஒரு நம்பர் இருக்கோ? நான் ஒரு இரவு முழுக்கத் தேடினன், இல்லை. கடைசியிலை ஏசுற நம்பருக்குத்தான் எடுத்து நன்றி சொல்லவேண்டி இருந்தது. லொரெய்ன் சிரிக்கேல்லை. ஆனால் திரும்பி நிண்டு கனநேரம் இருமினா.

பெடியன் கேட்டான், எத்தினை பேர் உங்கட ஆக்கள் எண்டு. நான் மறுமொழி சொல்ல முதல் மகள் தலையை நிமித்தினாள். எல்லாப் பேரையும் வாசியுங்கோ, அப்பா ஒவ்வொண்டாச் சொல்லட்டும் எண்டாள். பேர் மட்டும்தான் வாசிக்கலாம், விலாசமும் நம்பரும் வாசிக்கேலாது, சட்டம் எண்டா லொரெய்ன்.

நேசராசா. என்ர ஆள். குருக்கள். என்ர ஆள். பூமணி. வெளியிலை இருக்கிறா. இன்னும் இரண்டு மூண்டு பேர், எல்லாம் என்ர ஆக்கள். பிறகு மிஸ்டர் வில்லியம்ஸ் எண்டு ஒராள். நான் கொஞ்சம் செருமினன். அது நான்தான் எண்டன். மகள் கண்ணை மூடினாள்.

மார்கரெட்.

நான் யோசிச்சன். மார்கரெட் எண்டு என்னட்டை ஒருத்தரும் பழகேல்லை. தெரியாது எண்டன். லொரெய்ன் அதிலை எழுதியிருந்ததை வாசிச்சா. புருசன் செத்துப்போன மனிசி, அவரின்ர கணக்கை மூட எடுத்தவவாம். அழுது முடியுமட்டும் மேடி போனை வைக்காமல் பேசாமல் இருந்தவ, அதுக்கு நன்றி எண்டு.

"உண்மையா அப்பா? உங்கட ஆள் இல்லையோ?"

சத்தியமாத் தெரியாது எண்டன்.

டெஸ்மண்ட். தெரியாது. ஃபோலாகே. அப்பிடி ஒரு பேரை நான் அண்டைக்குத்தான் கேட்டன். கீத். தெரியாது. ஹலீமா. எனக்கு ஒரு ஹலீமாவைத் தெரியும், இறைச்சிக் கடைக்காரரின்ர மனிசி, ஆனால் அவ ஏற்கெனவே லைசென்ஸ் எடுத்திட்டா. தெரியாது எண்டன். எனக்கு உண்மையிலை வெக்கமாப் போச்சு, தங்கச்சி. ஒண்டு இரண்டு இல்லை, அஞ்சு பேர் எனக்குத் தெரியாத ஆக்கள். அதிலையும் ஒருத்தருக்கும் அவளின்ர முழுப் பேர் தெரியாது, எல்லாரும் மேடி, மேடி. என்ர ஆக்கள் எண்டால் அப்பிடி விடுவினமோ. நான் தெரியாது, தெரியாது எண்டு சொல்லச் சொல்ல மகள் அழத் தொடங்கிட்டாள். சின்னப் பிள்ளை மாதிரி, கையாலை வாயைப் பொத்திக்கொண்டு. நான் நினைச்சன், அப்பாவை நம்பி வந்து கடைசியிலை அப்பா அஞ்சு பேரைத் தெரியாது எண்டு கையை விரிச்சிட்டார் எண்டு அழுகிறாள் எண்டு. வேணுமெண்டால் கீத்தை நான் தெரியும் எண்டு சொல்லட்டோ எண்டு தமிழிலை மெல்லக் கேட்டன். வேண்டாம் எண்டு அழுகைக்குள்ளை சிரிச்சாள். அண்டைக்குச் சொன்ன வேண்டாம் முழு வேண்டாம்.

முடிவு நல்லாத்தான் வந்தது. அவளிலை பிழை இல்லை எண்டு எழுத்திலை குடுத்திச்சினம். பரிசைத் திருப்பி எடுத்துப்போட்டினம், சுவரிலையிருந்து படத்தையும். என்ர ஆக்களை எல்லாம் வெட்டிப்போட்டு, மற்ற அஞ்சு பேரை மட்டும் வைச்சு அந்தத் தொகுப்பைத் திருப்பி எழுதவேண்டி வந்தது. மெல்லிசாப் போச்சு, ஆனால் யூனிவர்சிற்றி அதுக்குத்தான் நல்ல புள்ளி போட்டது. ஏனோ தெரியாது. எனக்கு ஒரு அறிவித்தல் வந்தது, வாடிக்கையாளர் அல்லாத நான் இனிப் போன் எடுக்கக்கூடாது எண்டு. மகள் கொஞ்ச நாள் என்னோடை நேர கதைக்கேல்லை. அம்மா, அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கோ எண்டு, நான் அந்த மேசையிலை இருக்கேக்கையே சொல்லுவாள். போன வருசம் பட்டம் எடுத்தாள். பட்டமளிப்பிலை குகதாசனின்ர மகன் போட்ட அதே மாதிரிக் கறுத்த உடுப்புத்தான், நான் தொட்டுப் பாத்தன். பாங்கிலை எந்தப் பகுதி வேணும் எண்டு கேட்டினமாம். இவள் போய், திரும்பவும் முறைப்பாட்டுப் பகுதி வேணும் எண்டு கேட்டு வாங்கியிருக்கிறாள். எனக்கு விளங்கேல்லை, கேக்கவுமில்லை. இப்ப அங்கை போன் எடுத்தால், நன்றி சொல்ல எண்டும் ஒரு இலக்கம் அழுத்தலாமாம். அது ஆரின்ர யோசனை எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அண்டைக்குத் திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டிட்டன்.

விசாரணை முடிஞ்சு லொரெய்ன் மகளை வேளைக்கு வீட்டை போகச் சொன்னா. பூமணி அக்கா ஓட, நான் பக்கத்திலை, மகள் பின்னாலை. பள்ளிக்கூடம் விடுற நேரம், ரோடு முழுக்கக் கார்.  லைம்ஹவுஸ் சுரங்கம் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தாப் பிறகு, பின்னாலையிருந்து மகள் மெல்லக் கேட்டாள்:

"அப்பா, அந்தத் தெரியாத ஆக்களின்ர பேரை இன்னொருக்கால் சொல்லுங்கோ."

ஏன் எண்டு கேட்டன். சும்மா எண்டாள். சரி எண்டு, முதல் சிவப்பிலை மார்கரெட் எண்டன். கண்ணாடியிலை பாக்க அவள் தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அடுத்த சிவப்பிலை டெஸ்மண்ட். ஃபோலாகே எண்ட பேரை நான் பிழையாச் சொன்னன், அவள் திருத்தினாள், நான் திருப்பிச் சொன்னன். பிறகு கீத். ஹலீமா எண்டு நான் சொல்லேக்கை மேர்லிபோன் ரோட்டிலை லைட் பச்சைக்கு மாறிட்டுது. பூமணி அக்கா காரை எடுக்கேல்லை. கையை ஸ்டியரிங்கிலை வைச்சபடி அப்பிடியே இருந்தா. பின்னாலை நிக்கிறவங்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிட்டாங்கள். பச்சையிலை நிக்கிறது பெரிய பிழை, டெஸ்டிலை அதுக்கு மன்னிப்பில்லை. நான் முதல் பேரிலையிருந்து திரும்பவும் சொல்லத் தொடங்கினன்.